குடும்பச் சம்மதத்தோடு

டெலானிபூர், போர்ட் பிளேர்
14 ஜூலை 2025

அன்புள்ள ஜாபர் காக்காவுக்கு, தங்கை ஹம்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் இருக்கும் மலையில் போன் எடுக்காது, கடிதம்தான் வந்து சேரும் என்று உங்கள் பட்டாலியனிலிருந்து ஒருவர் உம்மாவிடம் சொன்னார். அதனால் பேனாவை எடுத்தேன். இதற்கு முன்னால் நான் கையால் எழுதியது காலேஜில் லீவ் லெட்டராகத்தான் இருக்கும்.

ஒரு நல்ல செய்தி. போன மாதக் கடைசியில் உங்கள் மேனேஜர் திருநாவுக்கரசு சார் வீட்டுக்கு வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும், எல்லையில் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் சிரித்தார். "பயப்படாதீங்கம்மா, நல்ல விஷயந்தான். ஜாபர் நாட்டுக்காகப் போயிருக்கான். அவன் வீடு கஷ்டப்படலாமா? பாப்பா பி.காம் படிச்சிட்டு சும்மாத்தானே இருக்கு. ஹேடோ ஹார்பருக்கு அனுப்பி வைங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நீங்கள் திரும்பியதும் உங்களை ஆபீசுக்குள் சூப்பர்வைசராக எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

ஒன்றாம் தேதியிலிருந்து வேபிரிட்ஜ் கேபினில் உட்கார்கிறேன், காக்கா. கப்பலில் வந்த சிமெண்டையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு லாரி எடை மேடைக்கு வரும். திரையில் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். முதல் நாள் கை ஓடவில்லை. இப்போது லாரி ஏறும் சத்தத்திலேயே பாரம் எவ்வளவு என்று மனதில் ஒரு கணக்கு வந்துவிடுகிறது. பெங்காலி டிரைவர்கள் "மேடம், ஜல்தி" என்கிறார்கள். யாரை மேடம் என்கிறார்கள் என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

தலாக் ஆகி வந்ததிலிருந்து ஜன்னலில்தான் ஹேடோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஹேடோவுக்குள் இருக்கிறேன். கம்பெனி உங்களை மறக்கவில்லை. கவலையில்லாமல் இருங்கள்.

துஆவுடன்,
ஹம்னா


56 ஏ.பி.ஓ. வழி
(ராணுவ அஞ்சல்; இடத்தின் பெயர் எழுத அனுமதி இல்லை)
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை ஹம்னாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது பங்கரில் நான்கு பேர் இருந்தோம். இங்கே யாருக்குக் கடிதம் வந்தாலும் உரக்கப் படிக்க வேண்டும், அப்படி ஒரு பழக்கம். பக்கத்துப் படுக்கை சிவப்பிரகாசம் கோவில்பட்டிக்காரன், ஊரில் பஸ் கண்டக்டர். "படிடா, தங்கச்சி என்ன எழுதியிருக்கு" என்றான். மேனேஜர் வீட்டுக்கு வந்த கதை வரைக்கும் படித்தேன். அடுத்தது வேபிரிட்ஜ். அங்கே நிறுத்திவிட்டேன்.

"என்னடா, வீட்ல யாருக்கும் ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

ஹம்னா, அந்த வேபிரிட்ஜில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வேலை. அந்த ஆள் நான். ஆறு வருஷமாக நான். நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலி என்னுடையது.

நீ போய்ச் சேரும்வரை அவர்கள் உன்னிடம் இதைச் சொல்லவே இல்லையா? இல்லை, உனக்குத் தெரிந்தும் சூப்பர்வைசர் என்ற வார்த்தையை நம்பினாயா? ஹேடோவில் சூப்பர்வைசர் என்று ஒரு வேலையே கிடையாது.

நான் கிளம்பிய அன்று திருநாவுக்கரசு சார் தோளில் கை போட்டு, "போயிட்டு வா ஜாபர், உன் சீட் எங்க போயிடப் போகுது" என்றார். நானும் சிரித்தேன். ஏனென்றால் அதுதான் சட்டம். நாங்கள் முழுநேரச் சிப்பாய்கள் இல்லை. ஊரில் ஒரு வேலை பார்க்கிறோம், கூப்பிட்டால் சீருடை போட்டுக்கொண்டு வருகிறோம். டெரிட்டோரியல் ஆர்மியே அப்படித்தான். அழைப்பு முடிந்து திரும்பும்போது பழைய வேலையை, பழைய நிலைக்குக் குறையாமல் முதலாளி திருப்பித் தர வேண்டும். முடியாது என்றால் அதைக் கேட்க ஒரு அதிகாரி உண்டு. எங்களைச் சேர்த்த அன்றே இதைச் சொல்லித்தான் சேர்த்தார்கள்.

நீ அவரிடம் நேராகக் கேள். உன்னை வைத்திருப்பது நான் வரும்வரைக்குமா, இல்லையா? பதிலை அப்படியே எழுது.

ஜாபர்


டெலானிபூர்
24 ஆகஸ்ட் 2025

காக்கா,

கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஜூன் மாசமே அவன் பேரை எடுத்தாச்சேம்மா. வேலைக்கு வராதவன் பேரை எப்படி வச்சிருக்க முடியும்?" என்றார்.

"அவர் பார்டர்ல இருக்காரு சார்."

"எங்க இருந்தா என்ன, இங்க இல்லைல்ல?"

இதைச் சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுந்து வந்துவிட்டேன். கேபினில் அடுத்த லாரிக்கு முந்தின லாரியின் எடையையே அடித்துக் கொடுத்திருக்கிறேன். டிரைவர் திரும்பி வந்து காட்டியபோதுதான் தெரிந்தது.

எனக்குத் தெரியாது, காக்கா. கம்பெனியில் வேலை என்று மட்டும்தான் வீட்டில் சொல்வீர்கள், எந்த நாற்காலி என்று சொன்னதில்லை. தெரிந்தும் உட்கார்ந்தேன் என்று நீங்கள் நினைத்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. நாளைக்கே நின்றுவிடுகிறேன் என்று அன்று மாலையே உம்மாவிடம் சொன்னேன். உம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எந்திரிச்சா அந்த மனுசன் வேற எவனையாவது உக்கார வைப்பான். அவன் எந்திரிப்பானா? நீ இருந்தா ஜாபர் வந்ததும் எந்திரிச்சுக் குடுத்திரலாம். இரு" என்றார்.

அது எனக்குச் சரியாகப் பட்டது. இருக்கிறேன். தப்பென்றால் தப்பென்று எழுதுங்கள். ஆனால் என்னைத் திருடியைப் போல நினைத்து எழுதாதீர்கள்.

ஹம்னா


56 ஏ.பி.ஓ. வழி
19 செப்டம்பர் 2025

ஹம்னா,

நின்றுவிடுகிறேன் என்று எழுதுகிறாய், அடுத்த வரியில் இருக்கிறேன் என்கிறாய். உனக்கு அந்த மேடம் பட்டம் பிடித்துவிட்டது. நெஞ்சைத் தொட்டுச் சொல், பிடிக்கவில்லையா?

இங்கே காவலில் நிற்கும்போது மனதுக்கு ஒரு பிடி வேண்டும். வேலை இருக்கிறது, போய் உட்காரப் போகிறோம் என்பதுதான் எனக்கு அந்தப் பிடியாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

நான் நலம் என்று உம்மாவிடம் சொல். எனக்கு இனி எழுத வேண்டாம்.

ஜாபர்


டெலானிபூர்
9 டிசம்பர் 2025

பெறுநர்: ஜாபர், சுரேந்திரன் அண்ணன் ஸ்டோர், ஜெட்டி அருகில், கேம்பல் பே, கிரேட் நிகோபார்

காக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். போனையும் எடுப்பதில்லை. கேம்பல் பேயில் டவர் இல்லை என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உம்மா நம்பவில்லை. கப்பலில் வேலை செய்யும் ஒருவர் உங்களை அந்த ஸ்டோரில் பார்த்ததாகச் சொன்னார், அவர் மூலமாகவே இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் திரும்பி வந்த அன்று உங்களை எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் முழுவதும் தோல் உரிந்து, உதடு வெடித்து வாசலில் நின்றீர்கள். மறுநாள் கம்பெனிக்கு வந்தீர்கள். நீங்கள் மேனேஜர் அறைக்குள் போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுமே நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். கேபினுக்கு வருவீர்கள், எழுந்து கொடுத்துவிடலாம் என்று. வந்தீர்கள். நான் எழுந்தேன்.

"உட்காரு. லாரி நிக்குது" என்றீர்கள்.

அவ்வளவுதான். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கிரேட் நிகோபார் கப்பலில் ஏறிவிட்டிருந்தீர்கள். உம்மா போட்டு வைத்த சோறு அப்படியே மூடியிருந்தது.

உள்ளே அவர் உங்களிடம் என்ன சொன்னார்? அதை மட்டுமாவது எழுதுங்கள். சட்டம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார் என்று எழுதியவர் நீங்கள்தானே. ஏன் இன்னும் போகவில்லை?

ஹம்னா


கேம்பல் பே
28 டிசம்பர் 2025

ஹம்னாவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். நான் உள்ளே போனதும் அவர் எழுந்து கை கொடுத்தார். "வேலையா? தாராளமா. அங்க ஒரே ஒரு சீட்தான் இருக்குன்னு உனக்கே தெரியும். நீயே போய் உன் தங்கச்சியை எழுப்பிட்டு உக்காரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மலையில் குண்டு விழுந்த சத்தத்துக்குக்கூட அப்படி அடைத்ததில்லை. எழுப்பத்தான் வந்தேன், பொய் சொல்லவில்லை. கேபின் வரைக்கும் வந்தேன். நீ பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாய். தலாக் ஆகி வந்த அன்றும் நீ அதே மாதிரிதான் பையோடு நம் வாசலில் நின்றாய், உள்ளே வரலாமா என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு. என்னால் முடியவில்லை.

மனுப் போட்டால் அதில் உன் பெயர் வரும். தங்கையை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன். காலக்கெடு ஓடுகிறது என்று தெரியும். ஓடட்டும்.

இங்கே சுரேந்திரன் அண்ணன் நல்ல மனிதர், அவர் மனைவி ரூபா அக்காவும் அப்படியே. அண்ணனுடைய அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே நிலம் வாங்கிக் குடியேறியவர். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பமும் அப்படித்தான். பட்டாளம் என்று சொன்னால் இந்த ஊரில் நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். கப்பலில் வரும் சரக்கை இறக்கி வைத்துக் கடைகளுக்குப் பிரித்து அனுப்பும் வேலை. செய்கிறேன். செப்டம்பரில் நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஜாபர்


டெலானிபூர்
16 ஜனவரி 2026

காக்கா,

இதை உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மேடையை அளந்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், படம் எடுத்தார். பிறகு நல்ல விதமாக, பேச்சுவாக்கில், "மார்ச்சுக்கு அப்புறம் நீங்க எங்க மேடம் போறீங்க?" என்று கேட்டார்.

"எங்கயும் போகலையே."

அவர் முகம் மாறிவிட்டது. "சாரி, சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார். மார்ச் முதல் வேபிரிட்ஜை அவருடைய கம்பெனி கான்ட்ராக்டில் எடுக்கிறது. மெயின்லாண்டிலிருந்து அவர்களே ஆள் கொண்டுவருகிறார்கள். தீபாவளிக்கு முன்பே பேசி முடித்துவிட்டார்களாம். அப்போது நீங்கள் மலையில் இருந்தீர்கள். நான் கேபினில் இருந்தேன்.

திருநாவுக்கரசு சார் மறுக்கவில்லை, காக்கா. மறுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். "ஆமா, அதுக்கென்ன? உனக்கும் வேற ஏதாவது பாக்கலாம்" என்றார்.

"அப்ப என்னை எதுக்கு சார் வச்சீங்க?"

"வேற யாரை வச்சிருந்தாலும் உன் அண்ணன் வந்த மறுநாளே மனுப் போட்டிருப்பான். அவனை வச்சிக்கிட்டு நான் எப்படிக் கான்ட்ராக்ட் குடுக்கறது? உன்னை வச்சா போட மாட்டான்னு தெரியும். போடலை பாத்தியா. நல்ல பையன்."

நல்ல பையன் என்றார். உங்களைப் பாராட்டுவது போலவே சொன்னார். நான் படி இறங்கி வந்து கேபினுக்குள் போகாமல் வெயிலில் நின்றேன். ஏழு மாதம் நான் பார்த்தது வேலை இல்லை. உங்கள் வழியில் போட்ட கல்லாக நான் அங்கே கிடந்திருக்கிறேன். நாம் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கிற பாசம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதை எடுத்து அவர் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

மனுப் போடுங்கள். என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கெடு தாண்டவில்லை, விசாரித்துவிட்டேன்.

ஹம்னா


டெலானிபூர்
20 பிப்ரவரி 2026

காக்கா,

நேற்று போனில் பாதிதான் சொன்னேன். அதற்குள் லைன் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

கப்பல் இன்ஜின் கோளாறு, நீங்கள் போட்ட மனுவின் விசாரணைக்கு உங்களால் வர முடியாது என்று சுரேந்திரன் அண்ணன் சொன்னதும், இன்னொரு நாள் கேட்டு வாங்கலாம் என்றுதான் நான் அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். வராந்தாவில் திருநாவுக்கரசு சார் நின்றிருந்தார். தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை போதும் ஹம்னா. குடும்பச் சம்மதத்தோடதான் நான் அந்த வேலையில இருக்கேன்னு சொல்லு. கான்ட்ராக்ட்காரன்கிட்டப் பேசி உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன். ஜாபருக்குத்தான் கேம்பல் பேயில வேலை இருக்கே. ரெண்டு பேருக்கும் நல்லது."

உள்ளே அதிகாரி ஒரு பெண். தேதி மாற்றித் தருவதற்குத் தடையில்லை என்றார். ஆனால் கம்பெனி வக்கீல் எழுந்து, தேதி எதற்கு, ஜாபரை மறுபடி எடுப்பது நடைமுறையில் சாத்தியமில்லை, அவருடைய குடும்பமே சம்மதித்துத் தங்கையை அந்த இடத்துக்கு அனுப்பியது, தங்கையே இதோ இருக்கிறார், கேளுங்கள் என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "சச் ஹை?" என்றார். அப்புறம் தமிழிலேயே, "உண்மையா?" என்று கேட்டார்.

வேலை வேண்டாம் என்று நினைத்துவிட்டுப் போனவள்தான். ஆனால் பர்மனென்ட் என்று ஒருவர் சொன்னால் மனது ஒரு நிமிஷம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

"இல்லை மேடம்" என்றேன். "எங்க காக்காகிட்ட யாரும் கேக்கலை. அது அவரு சீட்டுன்னு என்கிட்டயும் யாரும் சொல்லலை. உம்மாகிட்ட சூப்பர்வைசர்னு பொய் சொன்னாங்க."

"அவர் திரும்பி வந்தால் உங்களுக்கு வேலை இருக்காது. புரிகிறதா?"

"புரியுது. எனக்குப் பிடிச்ச வேலை. நல்லாவும் பாக்கறேன். ஆனா காக்கா அந்த இடத்தை விட்டுட்டுப் போகலை. அவரைக் கூப்பிட்டுக்கிட்டுப் போனாங்க. அப்படிக் கூட்டிட்டுப் போன இடத்தை எப்படிக் காலி இடம்னு சொல்றது?"

இன்ஜினியர் சொன்னதையும், நல்ல பையன் என்று அவர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். திருநாவுக்கரசு சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. நான் இப்படிப் பேசுவேன் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றவில்லை போல. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மறுநாள் காலை ஹேடோ கேட்டில் என் பாஸ் செல்லவில்லை. காவலர் மூன்று முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "மேடம், நாம் கட் கியா" என்று இந்தியில் சொல்லித் தரையைப் பார்த்தார். என் பேரையும் எடுத்துவிட்டார்கள்.

உம்மா என்னோடு பேசுவதில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்ல ரெண்டு பேரும் வேலையில இருந்திருப்பீங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். அவர் சொல்வதும் ஒரு கணக்கில் சரிதான்.

ஹம்னா


கேம்பல் பே
21 மார்ச் 2026

அன்பு ஹம்னாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. பழைய வேலை, பழைய நிலை. வேபிரிட்ஜைக் கான்ட்ராக்டுக்குக் கொடுத்தாலும் எனக்கு அதற்குக் குறையாத வேலை தர வேண்டும் என்று இருக்கிறது. சுரேந்திரன் அண்ணன்தான் படித்துச் சொன்னார். நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை. முதலில் திகில்தான் வந்தது. அந்த அறையில் என் பக்கம் பேச ஒரே ஒரு ஆள் இருந்திருக்கிறாள். பேசினால் அவள் வேலை போகும். பேசினாள்.

நான் அந்த இடத்தில் இருந்தால் பேசியிருப்பேனா? ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

அடுத்த கப்பலில் கிளம்புகிறேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஜாபர்


டெலானிபூர்
26 மார்ச் 2026

காக்கா,

நன்றி வேண்டாம். ஒரு பதில் போதும். இந்த முறை உட்காருவதற்கு முன்னால் கேட்கிறேன். நீங்கள் கிளம்பினால் சுரேந்திரன் அண்ணன் ஸ்டோரில் உங்கள் வேலை காலியாகிறதா? வேறு யாருக்காவது சேர வேண்டியதா? இல்லையென்றால், சரக்கு பிரிப்பதும் எடை பார்ப்பதும் எனக்கு வரும். தங்குவதற்கு அவர் வீட்டில் ரூபா அக்கா இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே. உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதில் பார்த்துச் சொல்கிறேன்.

ஹம்னா


ஹேடோ, போர்ட் பிளேர்
30 ஏப்ரல் 2026

பெறுநர்: ஹம்னா, சுரேந்திரன் ஸ்டோர், கேம்பல் பே

அன்பு ஹம்னாவுக்கு,

கேபினிலிருந்தே எழுதுகிறேன். லாரி வரத்து இல்லாத நேரம். உத்தரவைப் பார்த்ததும் சென்னைக் கம்பெனி பின்வாங்கிவிட்டது, மேடை நம் கையிலேயே இருக்கிறது. டிரைவர்கள் மேடம் எங்கே என்று இன்னும் கேட்கிறார்கள். நான் மெதுவாம். நீ வேகமாம். நேற்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

உம்மா உன்னைப் பற்றி நேராகக் கேட்பதில்லை. கேம்பல் பேயில் மழை தொடங்கிவிட்டதா, மீன் என்ன கிடைக்கிறது என்று ஊரைப் பற்றிக் கேட்கிறார். போனைப் போட்டுக் கொடுத்தேன். வாங்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு பேசும்போது கொஞ்சம் உரக்கவே பேசு.

திங்கட்கிழமை பட்டாலியனிலிருந்து அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் மறுபடி அழைப்பு. அதைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தேன். திருநாவுக்கரசு சார் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"இப்ப உன் இடத்துல நான் யாரைத்தான் வைக்கறது?" என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"யாரை வேணும்னாலும் வைங்க சார்" என்றேன். "உக்கார்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. போனவன் திரும்பி வருவான்னு."

அவர் பேனாவை எடுத்தார். அறிவிப்பின் நகலில், பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடிக்கிறது. போகிறேன்.

உன் காக்கா,
ஜாபர்